கண்குழியும் ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கு எலும்பு ஆபரேஷனில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றிப் புலம்பினேன், அதற்கு முந்தினதில் வில்லியனூர் பஸ்ஸைப் பற்றிப் புலம்பினேன். இந்த முறை கண்குழி. காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன்.

த்ரீ-டி பிரிண்டிங், அதாவது முப்பரிமாண அச்சு என்று பேச்செடுத்தாலே நம் மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, "இனிமே கண்ணு, கிட்னி எல்லாத்தையும் பிரிண்ட் போட்டுடுவாங்க பாரு" என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டும். இன்னொரு கட்சி, "அதெல்லாம் ஃபாரின்ல, காசு இருக்கிறவனுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடும். உடைந்த கண்குழியைச் சரிசெய்யும் ஆபரேஷனைப் பொறுத்தவரை இரண்டு கட்சிக்கும் டெபாசிட் காலி :-) அங்கே இந்த பிரிண்டர் செய்கிற வேலை ரொம்பச் சாதாரணமானது. அதற்கு ஆகிற பிளாஸ்டிக் செலவும் ரொம்பச் சாதாரணமானது. அந்தச் சாதாரணம்தான் இந்தப் பதிவின் விஷயமே.

கண் இருக்கும் வீடு

கண் உட்கார்ந்திருக்கும் குழியை ஒரு சின்ன அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை உண்டு, தரை உண்டு, இரண்டு பக்கமும் சுவர் உண்டு. வாசல் அகலம் சுமார் 4 செ.மீ. உள்ளே போகப் போகக் கூம்பு மாதிரிக் குறுகி, கடைசியில் பார்வை நரம்பு வெளியேறும் ஓட்டையில் முடிகிறது. ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டிய அறை இது. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லி, அதாவது இரண்டு பெரிய கரண்டி எண்ணெய் பிடிக்கும் இடம். அதில் கண் உருண்டை எடுத்துக்கொள்வது 7 மில்லி மட்டும். மீதி எல்லாம் கொழுப்பு, கண்ணை அசைக்கும் தசைகள், நரம்பு, ரத்தக்குழாய்.

வாசல் நிலை கெட்டியானது. புருவத்துக்குக் கீழேயும் கன்னத்துக்கு மேலேயும் விரலால் தடவிப் பாருங்கள், தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் தரை பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. மூக்கை ஒட்டிய சுவர் அதைவிட மோசம். அந்த எலும்புக்கு உடற்கூறியலில் வைத்திருக்கும் லத்தீன் பெயருக்குக் ‘காகிதத் தகடு’ என்றுதான் பொருள். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? சைனஸ் என்று சொல்கிறோமே, அந்தக் காற்று அறை. ஆகக் கண் என்பது ஒரு காலி அறையின் மேல், மெல்லிய பலகை போட்டு அதன் மேல் உட்கார வைத்த பொருள்.

ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? கண்ணில் ஒரு குத்து விழுந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். எங்காவது அது வெளியேறியாக வேண்டும். தரை உடைந்து வழி விடுவதால் பல நேரம் கண் உருண்டை கிழியாமல் தப்பிக்கிறது. பிரஷர் குக்கரில் சேஃப்டி வால்வு உருகுகிற மாதிரி. 1957-ல் ஸ்மித், ரீகன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். இறந்தவர் உடலில், கண்ணின் மேல் ஒரு பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். வாசல் நிலை அப்படியே இருக்க, தரை மட்டும் கீழே உடைந்து விழுந்தது. இந்த முறிவுக்கு ‘ப்ளோ-அவுட்’ என்று பெயர் வந்தது அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். (வாசல் நிலையில் விழுந்த அடி வளைந்து உள்ளே போய்த் தரையை உடைக்கிறது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. இரண்டுமே நடக்கிறது என்கிறார்கள்.)

"மண்டையில ஒண்ணும் இல்ல"

இப்போது காரணத்துக்கு வருகிறேன். என் பெரியம்மா பையன், எனக்கு ஆறு வயது மூத்தவர், சின்ன யானை ஓட்டுகிறார். (தெரியாதவர்களுக்கு: டாடா ஏஸ்.) காலையில் மார்க்கெட்டிலிருந்து சாமான் ஏற்றி வில்லியனூர், பாகூர் பக்கக் கடைகளுக்கு இறக்குவது தொழில். ஒரு நாள் இரவு பைக்கில் ரெட்டியார்பாளையத்திலிருந்து வரும்போது, மூலக்குளம் கிட்டே நாய் குறுக்கே வந்து, வண்டி சாய்ந்து, சென்டர் மீடியன் கல்லில் இடது கன்னம் மோதிவிட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. ஆனால் அது தொப்பி மாதிரி பாதி மண்டையை மட்டும் மூடுகிற வகை. மண்டை தப்பித்தது, கன்னம் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மண்டைக்கு ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "மண்டையில ஒண்ணும் இல்லையாம்" என்று பெரியம்மா சந்தோஷமாகச் சொல்ல, "அது எங்களுக்கு முன்னாடியே தெரியுமே பெரியம்மா" என்று நாங்கள் சிரித்தோம். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. கன்னமும் மேலுதடும் மரத்துப் போயிருந்தன. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று எல்லோருமே நினைத்தோம்.

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. கண் திறந்தது. பார்வை நன்றாகவே இருந்தது. ஆனால் மாடிப்படியில் இறங்கும்போது அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணா?"

"படி ரெண்டு ரெண்டா இருக்குடா. எதுல கால் வைக்கிறதுன்னு தெரியல."

ஒரு கண்ணை மூடினால் ஒரு படிதான். இரண்டையும் திறந்தால் இரண்டு. மேலே பார்த்தால் இன்னும் மோசம். தரை உடைந்ததும் கண்ணைக் கீழ்ப்பக்கம் இழுக்கும் தசையும் அதைச் சுற்றிய கொழுப்பும் அந்த ஓட்டையில் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு கண் மேலே போகும், இன்னொன்று கயிறு கட்டின மாதிரி நிற்கும். மூளைக்கு இரண்டு படம் போய்ச் சேரும். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிறவராக இருந்தால் கொஞ்ச நாள் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு சமாளிக்கலாம். லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு எதிரே வருகிற லாரி இரண்டாகத் தெரிந்தால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

"கண்ணு தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்றார் பெரியப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே பார்க்க ஒரு கறுப்புத் திட்டு தவிர எதுவும் இல்லை. இதில் இருக்கிற வம்பே அதுதான். வீக்கம் இருக்கும்வரை அது உள்ளே விழுந்த கண்ணை வெளியே தள்ளி வைத்திருக்கும். வடிந்த பிறகுதான் கண் குழிந்து போனது தெரியவரும். அறையின் கொள்ளளவு ஒரு மில்லி கூடினால் கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகும் என்பது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. 2 மி.மீ. தாண்டினால் எதிரே நிற்பவர் கண்ணுக்கே தெரியும்.

எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் தேவை இல்லை. சின்ன விரிசல் என்றால் விட்டுவிடுவார்கள், அதுவாக ஆறும். இரட்டைப் பார்வை குறையாமல் நின்றால், கண் குழிந்தால், தரையில் பாதிக்கு மேல் உடைந்திருந்தால் செய்யச் சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு வாரத்துக்குள். அதைத் தாண்டினால் மாட்டிய சதை அங்கேயே தழும்பாக ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுப்பது கஷ்டம். கண் டாக்டர் கண்குழிக்கென்று தனியாக, மெல்லிய சீவல்களாக சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதில் ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. ஐந்து நாள் போயிருந்தது. மிச்சம் ஒன்பது நாள்.

பல் செட்டை வாய்க்குள் வைத்து யாராவது செய்வார்களா?

ஆபரேஷன் என்னவென்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கீழ் இமையின் உள்பக்கம் கீறி, சைனஸுக்குள் விழுந்த சதையை மேலே தூக்கி, ஓட்டையின் மேல் ஒரு தகடு வைத்து மூட வேண்டும். அந்தக் காலத்தில் இடுப்பெலும்பிலிருந்தோ மண்டையோட்டிலிருந்தோ ஒரு துண்டு எடுத்து வைத்தார்கள். இன்றும் சில இடங்களில் செய்கிறார்கள். நுண்துளை உள்ள ஒருவகை பிளாஸ்டிக் தகடும் உண்டு. பரவலாகப் பயன்படுவது டைட்டானியம் வலை. கொசுவலை மாதிரி ஓட்டை ஓட்டையாக, கையால் வளைக்கக்கூடிய மெல்லிய உலோகத் தகடு.

சிக்கல் அந்த ‘வளைக்க’ என்ற சொல்லில் இருக்கிறது. கண்குழித் தரை நம் வீட்டுத் தரை மாதிரி சமதளம் கிடையாது. வாசலைத் தாண்டியதும் கொஞ்சம் பள்ளம், கண்ணுக்குப் பின்னால் ஒரு மேடு, அப்புறம் பின்னோக்கி ஏறிக்கொண்டே போகும். மூக்குப் பக்கத்தில் அப்படியே சுவராகத் திரும்பிவிடும். அந்தப் பின்பக்க மேடுதான் கண்ணை முன்னே தள்ளி நிறுத்துகிறது. தகட்டில் அந்த மேடு வராவிட்டால், ஓட்டை மூடியிருக்கும், ஆனால் கண் குழிந்தே இருக்கும். தகடு உடையாத பின்விளிம்பில் போய் உட்கார வேண்டும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் பார்வை நரம்பு. இவ்வளவையும் 4 செ.மீ. வாசலில், கண்ணை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வழிந்து வரும் கொழுப்புக்கு நடுவே செய்ய வேண்டும்.

எனவே வழக்கமான முறையில் என்ன நடக்கும்? டாக்டர் கண் அளவாக வலையை வெட்டி, வளைத்து, உள்ளே வைத்துப் பார்ப்பார். சரியாக உட்காரவில்லை. வெளியே எடுத்து மறுபடி வளைப்பார். மறுபடி வைப்பார். தையற்காரர் டிரையல் பார்க்கிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு டிரையலுக்கும் வலையின் வெட்டு விளிம்பு கொழுப்பைக் கொக்கி போட்டு இழுக்கும், சதை வீங்கும், மயக்க மருந்து நேரம் ஓடும். கை பழகிய சர்ஜன் என்றால் சீக்கிரம் அமையும். எல்லா ஊரிலும் அப்படி ஒரு கை கிடைக்குமா?

நம் தெருமுனை பல் டாக்டர் இதை எப்போதோ தீர்த்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. பல் செட் வேண்டுமென்று போனால், அவர் வாய்க்குள் வைத்துச் செதுக்குவதில்லை. அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அந்த வார்ப்பின் மேல் வைத்துச் சாவகாசமாகச் செய்து, கடைசியில்தான் வாயில் மாட்டுகிறார். கண்குழிக்கும் அப்படி ஒரு வார்ப்பு இருந்தால்? ஆனால் உயிரோடு இருக்கிறவர் கண்குழிக்குள் மாவைத் திணித்து அச்சு எடுக்க முடியாது இல்லையா. அங்கேதான் பிரிண்டர் வருகிறது.

எப்படிச் செய்கிறார்கள்

சி.டி. ஸ்கேன் என்பது உடலை ரொட்டித் துண்டு மாதிரி சீவி எடுத்த படங்கள். கண்குழிக்கு ஒவ்வொரு சீவலும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லியதாக இருப்பது நல்லது. இந்தப் படங்களை கம்ப்யூட்டரில் அடுக்கி, எலும்பை மட்டும் பிரித்தெடுத்தால் முப்பரிமாண உருவம் கிடைக்கும். இதற்கு ‘த்ரீ-டி ஸ்லைசர்’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, முழுக்க இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உடைந்த பக்கம் உடைவதற்கு முன் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? யாரும் நல்லா இருக்கும்போது கண்குழிக்கு ஸ்கேன் எடுத்து வைத்திருப்பதில்லை. ஆனால் ஒரு சாட்சி இருக்கிறது: உடையாத பக்கம். வலது கண்குழியை எடுத்துக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி திருப்பினால் இடது கண்குழி. கம்ப்யூட்டரில் இது ஒரு நொடி வேலை. அப்படித் திருப்பியதை உடைந்த பக்கத்தின் மேல் பொருத்தி, பிரிண்டருக்கு அனுப்பினால், சில மணி நேரத்தில் உடையாத இடது கண்குழி பிளாஸ்டிக்கில் கைக்கு வந்துவிடும். ஆபரேஷனுக்கு முந்தின நாள், மேஜையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே (இது என் கற்பனை) அதன் மேல் டைட்டானியம் வலையை வைத்து அழுத்தி வளைத்து, ஓரம் வெட்டி, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்று அளந்துவிடலாம்.

இதில் ஒரு நல்ல விஷயம், பிளாஸ்டிக் உடம்புக்குள் போவதே இல்லை. மலிவு பிரிண்டர்களில் போடுகிற பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்கிற ஆட்டோகிளேவ் 121 டிகிரிக்கு மேல். அதில் வைத்தால் கண்குழி அல்வா ஆகிவிடும். அதனால் வளைத்து முடித்த உலோக வலையை மட்டும் கிருமி நீக்கி எடுத்துப் போகிறார்கள். மாடலின் வேலை முந்தின நாளே முடிந்துவிடுகிறது.

யோசனை புதிதல்ல. ஜெர்மனியின் ஃபிரைபர்க் மருத்துவர்கள், ஒவ்வொரு நோயாளியின் ஸ்கேனிலிருந்து மாடல் செய்து அதன் மேல் டைட்டானியம் வலையை முன்கூட்டியே வளைத்து வைப்பதைப் பற்றி 2006-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது அந்த மாடலைச் செய்கிற இயந்திரங்கள் பெரிய கம்பெனி சமாச்சாரம். சக் ஹல் என்ற அமெரிக்கர் முதல் முப்பரிமாண அச்சுக்குக் காப்புரிமை கேட்டது 1984-ல், கிடைத்தது 1986-ல். பிளாஸ்டிக் இழையை உருக்கிக் கோலம் போடுகிற மாதிரி அடுக்கடுக்காகப் போடும் முறை அதற்குப் பிறகு வந்தது. அதன் முக்கியக் காப்புரிமை 2009-ல் காலாவதியானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கிய ‘ரெப்ராப்’ திட்டம், யாரும் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து விலையை அடித்து வீழ்த்தின. 2017-ல் நியூயார்க்கில் சில கண்குழி சர்ஜன்கள், மலிவு பிரிண்டரில் போட்ட மாடலே போதும் என்று கட்டுரை எழுதும் அளவுக்கு வந்துவிட்டது.

நம்ம பக்கத்தில்

தமிழ்நாட்டில் இதன் பெரிய அண்ணன் ஒருவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு கறுப்புப் பூஞ்சை வந்தது ஞாபகம் இருக்கிறதா? அது மூக்கு வழியாகப் போய்க் கண்குழி, மேல்தாடை எலும்புகளை அரித்துவிடும். உயிரைக் காப்பாற்ற அந்த எலும்பையும், சிலருக்குக் கண்ணையும் எடுக்க வேண்டி வந்தது. பிழைத்தவர்களுக்கு முகத்தில் பாதி இல்லை. 2022-ல் சென்னை ஐ.ஐ.டி., சோரியோக்ஸ் என்ற சென்னை ஸ்டார்ட்-அப்புடன் சேர்ந்து இவர்களுக்காக ஒரு முயற்சியை அறிவித்தது. நோயாளியின் ஸ்கேனை வைத்து, டைட்டானியம் தூளை லேசரால் உருக்கி, முக எலும்புக்குப் பதிலான உறுப்பையே நேராக அச்சிடுவது. ‘முகத்துக்கான உரிமை’ என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தார்கள்.

இது வேறு ரகம் என்பதைக் கவனிக்க வேண்டும். உலோகத்தையே அச்சிடுகிற இயந்திரம் விலை உயர்ந்தது, உடம்புக்குள் நிரந்தரமாகப் போகிற பொருள் என்பதால் தரச் சோதனையும் அதிகம். முகத்தில் பெரிய பகுதியே போனவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் பைக்கில் விழுந்து தரை மட்டும் உடைந்தவருக்கு அவ்வளவு தேவையில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண டைட்டானியம் வலை, கூட ஒரு பிளாஸ்டிக் அச்சு. அவ்வளவே.

அண்ணனுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம்.) ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் அந்த மாடலைக் கொண்டுவந்து பெரியப்பா கையில் கொடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக்கில் மூக்கெலும்பும் இரண்டு கண்குழியும். அண்ணனுடைய முகம்தான், சதை இல்லாமல். உடைந்தபடியே அச்சிட்ட ஒன்று, திருத்தியது ஒன்று. பெரியப்பா உடைந்ததில் விரலை விட்டுப் பார்த்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. விரல்நுனி அந்தப் பக்கம் போய்விட்டது. அதுவரை "எதுக்கு ஆபரேஷன்" என்றவர், அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டி மூன்று முறை சொன்னபோது ஏறாதது, விரல் ஓட்டைக்குள் போனதும் ஏறிவிட்டது. இந்தப் பயன் எந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் பெரிய பயன்.

பதினோராம் நாள் ஆபரேஷன். முடிவில் கண்ணை இடுக்கியால் பிடித்து மேலும் கீழும் அசைத்து, தசை எங்கும் மாட்டவில்லை என்று உறுதி செய்துகொள்வார்களாம். அதுவும் செய்தார்கள். ஆறு வாரத்தில் நேரே பார்க்கும்போதும் கீழே பார்க்கும்போதும் ஒன்றுதான் தெரிந்தது. கண்ணை மட்டும் உயர்த்தி உச்சியைப் பார்த்தால் இன்றும் லேசாக இரண்டு. கன்னத்தில் மரப்பு முழுசாகப் போகவில்லை. "ஷேவ் பண்ணும்போது வேற எவன் கன்னத்தையோ வழிக்கிற மாதிரி இருக்குடா" என்கிறார். மூன்றாம் மாதம், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, சின்ன யானையை மறுபடி எடுத்தார்.

இதில் மந்திரம் இல்லை

மாடல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாடல் வலைக்குச் சரியான வளைவைத் தரும். அதைச் சரியான இடத்தில் வைப்பது கைதான். நசுங்கிய தசையையும் நரம்பையும் எந்த பிரிண்டரும் சரிசெய்யாது. இரண்டு கண்குழியும் உடைந்திருந்தால் திருப்பிப் பார்க்க நல்ல பக்கம் கிடையாது. அதோடு யாருக்குமே இடதும் வலதும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருப்பதில்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். எலும்பு காகிதம் மாதிரி மெல்லியதாக இருக்கும் இடங்களில், கம்ப்யூட்டர் அதை எலும்பு என்றே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். நல்ல பக்கத்திலேயே சல்லடை மாதிரி பொய் ஓட்டைகள் தெரியும். எது உண்மையான ஓட்டை, எது பொய் ஓட்டை என்று உடற்கூறு தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கையால் அடைக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் கண்குழி வந்து விழும் என்பதெல்லாம் வீடியோவில்தான்.

இப்போது என் ஏரியா: கணக்கு

பிளாஸ்டிக் இழை ஒரு கிலோ சுமார் ஆயிரம் ரூபாய். கண்குழி மாடலுக்கு ஐம்பது கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐம்பது ரூபாய். மூலக்குளத்தில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. தொடக்கநிலை பிரிண்டர் இருபது முப்பது ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. மென்பொருள் இலவசம். ஸ்கேன் எப்படியும் எடுத்தே ஆக வேண்டும், அது கூடுதல் செலவு இல்லை.

மாறும் செலவு ஐம்பது ரூபாய், நிலையான செலவு ஒரு சுமாரான போன் விலை. அப்படியென்றால் ஏன் எல்லா இடத்திலும் இது இல்லை? காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்காதவர்களுக்கு விடை தெரியும்: மிச்ச செலவு மனித நேரம். ஸ்கேனை எடுத்து, எலும்பைப் பிரித்து, பொய் ஓட்டைகளை அடைத்து, திருப்பிப் பொருத்த ஒருவர் சில மணி நேரம் உட்கார வேண்டும். வெளியூர்க் கம்பெனியிடம் கொடுத்தால் அந்த உழைப்புக்கும் தபாலுக்கும் சேர்த்துத்தான் பில் வருகிறது, போய் வர நாளும் ஆகிறது. ஒன்பது நாள் கெடு இருக்கிறவருக்குப் பணத்தைவிட நாள்தான் முக்கியம். ஆஸ்பத்திரியிலேயே அல்லது பக்கத்திலேயே ஆள் இருந்தால் மறுநாள் மாடல் கையில். மிச்சமாவது ஆபரேஷன் தியேட்டர் நேரம், நோயாளியின் சதை, தேவைப்பட்டால் இரண்டாவது ஆபரேஷன். இதில் எதுவும் பிரிண்டர் வாங்கின ரசீதில் தெரியாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் தொடங்கிய கதை வணிகவியல் மாணவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கண்புரைக்கு வைக்கிற லென்ஸ் அப்போது இறக்குமதி, ஏழைக்கு எட்டாத விலை. இங்கேயே செய்து அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே தடை பொருளின் விலை. கண்குழி விஷயத்தில் பொருள் ஏற்கெனவே மலிவு. தடை, அதைச் செய்யத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஊரிலும் இல்லை என்பது. இது பயிற்சியால் தீரக்கூடிய பிரச்சினை.

நம் புதுச்சேரியைப் பாருங்கள். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, தவளக்குப்பத்தில் அரவிந்த், அரியூரிலும் மதகடிப்பட்டிலும் பிள்ளையார்குப்பத்திலும் காலாப்பட்டிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு மருத்துவக் கல்லூரி. இன்னொரு பக்கம் இன்ஜினியரிங் கல்லூரிகள். என் பள்ளி நண்பன் படிக்கிற கல்லூரி லேப்பில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அதில் இதுவரை வந்தவை சாவிக்கொத்து, பிள்ளையார், மொபைல் ஸ்டாண்டு. அவனுக்கு மெஷின் தெரியும், எலும்பு தெரியாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மருத்துவம் படிக்கிறவனுக்கு எலும்பு தெரியும், மெஷின் தெரியாது. இருவரையும் ஒரு பேராசிரியர் மேற்பார்வையில் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் ஒரு லோடு வண்டி டிரைவரின் பிழைப்பு மிஞ்சும். சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு சர்ஜனுடையதாகத்தான் இருக்க வேண்டும், அதில் விளையாடக் கூடாது.

படிக்கிறவர்களுக்குச் சில வார்த்தை

ஹெல்மெட் பற்றிப் பேசாமல் முடித்தால் பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டார். 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் சட்டமன்றத்துக்கு முன்னால் ஹெல்மெட்டைப் போட்டு உடைத்துப் போராடிய ஊர் நம்முடையது. அபராதத்துக்குப் பயந்து போடுகிற அரைத் தொப்பி போலீஸுக்குத்தான் காப்பு, முகத்துக்கு இல்லை. முகம் முழுக்க மூடுகிறதை வாங்குங்கள்.

கண் பக்கத்தில் அடிபட்டால் வீக்கம் வடிந்த பிறகு மேலே, கீழே, இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது இரண்டாகத் தெரிந்தால், கன்னம் மரத்திருந்தால், உடனே கண் மருத்துவரிடம் போங்கள். அதுவரை மூக்கைச் சிந்தாதீர்கள். உடைந்த தரை வழியாக சைனஸ் காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். குழந்தைகள் விஷயத்தில் இரண்டு வாரம் கணக்கெல்லாம் கிடையாது. அவர்களின் எலும்பு வளைந்து திறந்து, தசையைக் கவ்வியபடி திரும்ப மூடிக்கொள்ளும். கண் வெள்ளையாக, அடியே படாத மாதிரி இருக்கும். ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் வலியில் கத்தும், வாந்தி எடுக்கும், நாடித் துடிப்புகூடக் குறையலாம். மூளையில் அடி என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தசை செத்துவிடும். அன்றைக்கே ஓட வேண்டிய கேஸ் அது.

ஆபரேஷன் என்று சொன்னால், "மாடல் போட்டுப் பார்ப்பீங்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேவையில்லாத கேஸாக இருந்தால் ஏன் என்று சொல்வார். தேவையான கேஸாக இருந்தால், கேட்கிற ஆள் கூடக் கூடத்தான் செய்கிற இடமும் கூடும். டிமாண்ட், சப்ளை. முதல் வருடப் பாடம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். சந்தேகம் கண்ணில் என்றால் கண் டாக்டரிடம் போங்கள். சந்தேகம் பேலன்ஸ் ஷீட்டில் என்றால் மட்டும் என்னிடம் வாங்க :-)